இரண்டு லட்சம் ஓடிய பொலேரோ பிக்கப்: குமரி மாவட்டத்தில் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்று புரோக்கரிடம் கேட்பதற்கு முன்னால், "எந்த லோடு அடிச்ச வண்டி?" என்று கேளுங்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் மீன்பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று 1 லட்சம் கிலோமீட்டரில் நிற்கிறது. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட்டும் ஏத்தன் வாழைக்குலையும் ஏற்றிய வண்டி இன்னொன்று 2.5 லட்சத்தில் நிற்கிறது. விலை ஒன்றுதான் என்றால் யோசிக்காமல் இரண்டாவதை எடுக்கலாம். தேய்ந்த எஞ்சினை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இறக்கி, சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து), பிஸ்டன் ரிங் மாற்றி மறுபடி ஓட வைத்துவிடலாம். உப்பு தின்ற சேஸிஸுக்கு, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு, அப்படி ஒரு வழி கிடையாது.

இங்கே பேசுவது மஹிந்திரா பொலேரோ பிக்கப்பில் எம்-டூ-டிஐசிஆர் எஞ்சின் வரும் வண்டிகளைப் பற்றி. 2523 சிசி, நாலு சிலிண்டர், டர்போ, காமன் ரெயில் டீசல் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் அமைப்பு). 2020 ஏப்ரலுக்கு முன்னால் பதிவான, பிஎஸ்6 புகை விதிக்கு முந்தைய வண்டிகள்தான் இன்று பழைய வண்டிச் சந்தையில் அதிகம் கைமாறுகின்றன. பிஎஸ்6 கணக்கு வேறு. அதன் புகைக்குழாயில் இருக்கும் சுத்திகரிப்புக் கருவிகளுக்கும் அதற்கென்று வரும் சாம்பல் குறைந்த ஆயிலுக்கும் தனியாக எழுத வேண்டும்.

வண்டியின் குணத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இழுவை கீழ் ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும், அதனால் பேச்சிப்பாறை ஏற்றத்தில் முழு லோடோடு இரண்டாவது கியரில் அடம்பிடிக்காமல் ஏறும். வேகம் இதன் வேலை இல்லை. கேபினில் சத்தமும் சூடும் உண்டு. காலி வண்டியில் பின்பக்கம் குதிக்கும். மழையில் காலியாக வரும்போது திடீரென்று பிரேக் மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். டைமிங் பெல்ட் இல்லாததால் அந்தச் செலவும் இல்லை. உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை, கைவைக்கத் தெரியாத மெக்கானிக்கும் அபூர்வம். பழைய வண்டி எடுக்கிறவனுக்கு இந்தக் கடைசி இரண்டும்தான் பெரிய பலம்.

அடியிலிருந்து ஆரம்பியுங்கள்

வண்டியின் அடியில் புதுக் கறுப்பு பெயின்ட் பளபளத்தால் அதுவே முதல் சந்தேகம். விற்கப் போகிற வண்டிக்கு யாரும் ஆசைக்காக அடியில் பெயின்ட் அடிப்பதில்லை. பார்க்கப் போகும்போது ஒரு சின்ன சுத்தியல், பழைய ஸ்க்ரூடிரைவர், டார்ச், கீழே விரித்துப் படுக்க ஓர் அட்டைப்பெட்டி, இவ்வளவும் போதும்.

படுத்தபடி சேஸிஸை முன்னாலிருந்து பின்னாலே வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், சுத்தியல் துள்ளும். துரு ஏறி உள்ளே பொருக்கு தட்டிய இடத்தில் சத்தம் அமுங்கும். நாலு தட்டில் செதில் செதிலாக முகத்தில் விழும். அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் பேரம் பேச வேண்டாம், எழுந்து வந்துவிடலாம்.

எல்லா இடமும் ஒரே மாதிரி துருப்பிடிக்காது. லோடு பாடி சேஸிஸ் மேல் உட்காரும் இடத்தில் மரக்கட்டையோ ரப்பரோ வைத்திருப்பார்கள். அது ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைக்கும். பின் ஸ்பிரிங் ஹேங்கர் ரிவெட் அடித்த இடம் அடுத்தது. ரிவெட் தலையைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தால் அந்த ரிவெட் ஆட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு கிராஸ் மெம்பரின் உள்பக்கம், டீசல் டேங்கைத் தாங்கும் பட்டி, சேஸிஸ் ஓரமாகப் போகும் இரும்பு பிரேக் பைப். கேபினுக்குள் ரப்பர் மேட்டைத் தூக்கி டிரைவர் கால் வைக்கும் தகட்டையும் பாருங்கள். மழையில் நனைந்த செருப்பும், மேட்டுக்கு அடியில் தங்கும் தண்ணீரும் அங்கே ஓட்டை போட்டிருக்கும்.

ஹேங்கருக்குப் பக்கத்தில் பட்டி வைத்து வெல்டிங் செய்த சேஸிஸ் வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் இரும்பின் தன்மை மாறிவிடும்; லோடு ஏறி இறங்க இறங்க, அடுத்த விரிசல் அந்த ஓரத்திலிருந்துதான் கிளம்பும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். துருவில் நம்பர் அழிந்த வண்டியை எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோனால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

மேல்துரு மட்டும்தான் என்றால் சரிசெய்யலாம். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்பதால் இந்த வேலைக்கு பிப்ரவரி, மார்ச் தோதான காலம். முதலில் நல்ல தண்ணீரில் பிரஷர் வாஷ். சானலின் உள்பக்கம், ஓட்டைகள் எல்லாவற்றிலும் தண்ணீர் பாய வேண்டும். அடைத்துக்கொண்ட வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் வெயிலில் காய விடுங்கள். ஒயர் பிரஷ் வைத்த கிரைண்டரால் பொருக்கு முழுவதையும் எடுத்துவிட்டு, மிஞ்சும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் அந்த இடம் கறுக்கும். அதன்மேல் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், கடைசியாகத்தான் தார்க் கோட்டிங். மூடிய பெட்டி போன்ற பகுதிகளுக்குள் தார் போகாது, அங்கே மெழுகு கலந்த கேவிட்டி ஸ்பிரேதான் சரி.

பல இடங்களில் நடக்கும் கூத்து என்னவென்றால், கழுவி அரை நாள்கூட காயவிடாமல் உப்பின் மேலேயே தார் பூசிவிடுவது. மேலே பார்க்க அழகாக இருக்கும். உள்ளே உப்பும் ஈரமும் சிறைப்பட்டு, பூசாமல் விட்டிருந்தால் ஆவதைவிட வேகமாக இரும்பைத் தின்னும்.

மீன் லோடுதான் உங்கள் தொழில் என்றால் லோடு பாடியில் செலவழிப்பது முதல் வேலை. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தரைத் தகட்டின் இடுக்கு வழியே நேராக சேஸிஸ் மேல் சொட்டுகிறது. எல்லாத் துருவுக்கும் மூலம் அதுதான். தரையிலும் பக்கத்தில் அரையடி உயரத்துக்கும் ஃபைபர் லைனிங் போட்டு, பின்பக்க ஒரு மூலைக்குச் சரிவு கொடுத்து, அங்கிருந்து ஒரு ஹோஸ் வைத்து மூடியுள்ள கேனில் தண்ணீரை இறக்குங்கள். ரோட்டில் மீன்தண்ணீர் சிந்திக்கொண்டு போகிற வண்டிக்குப் பின்னால் பைக்கில் வருகிறவர்களின் வாழ்த்தும் குறையும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள்

நீங்கள் போய்ச் சேரும்போதே வண்டி ஸ்டார்ட்டில் இருந்தால், "சாயங்காலம் வாரேன், அதுவரை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஆறின எஞ்சின்தான் உண்மை பேசும். முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் வெள்ளைப்புகை வந்து ஒரு நிமிடத்தில் அடங்கினால் கவலையில்லை. சூடேறின பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் வந்து, இனிப்பாக ஒரு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. நீலப்புகை என்றால் ஆயில். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது கரும்புகை என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம்: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடும் வால்வு), இன்ஜெக்டர் என்று அந்த வரிசையில் தேட வேண்டும்.

எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஓட விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயின் மேல் வையுங்கள். லேசாக அசைந்தால் பரவாயில்லை. மூடி தடதடவென்று ஆடி, புகை குப்குப்பென்று வந்தால் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் கீழே இறங்குகிறது. மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்த பிசின் ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. ஹெட் கேஸ்கட்டிலிருந்து ஆரம்பித்துப் பார்க்க வேண்டும்.

டர்போவைப் பார்க்க, எஞ்சினை ஆஃப் செய்து, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு விரலால் ஷாஃப்டைப் பிடித்துப் பாருங்கள். மேலும் கீழும் மிகச் சிறிய ஆட்டம் இயல்பானது. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை ஹவுசிங்கில் உரசின கோடு இருந்தாலோ டர்போ செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஏற்றம் ஏறி வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு ஆஃப் செய்கிற பழக்கம் டிரைவருக்கு இருந்தால் டர்போ நீண்ட நாள் வரும். ஆயில் ஓட்டம் நின்ற பிறகும் சூடான ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருப்பதுதான் அதைக் கெடுக்கிறது.

வண்டி கைக்கு வந்ததும் பழைய ஆயில் எப்போது மாற்றியது என்று யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 15டபிள்யூ-40 டீசல் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு அன்றைய மீட்டர் ரீடிங்கை எழுதி வையுங்கள். ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓட விட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து கேஜில் மேல்கோட்டுக்கு நிரப்ப வேண்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு ஒன்றும் கிடைக்காது, சீல்கள்தான் கசியும்.

டீசல் பக்கம்தான் பணம் போகும்

பழைய மெக்கானிக்கல் பம்ப் டிஐ எஞ்சினில் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்குகள் சிலர், எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் பைப் நட்டை லேசாகத் திறப்பார்கள். காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. ரெயிலுக்குள் டீசல் அழுத்தம் ஐடிலிலேயே நூற்றுக்கணக்கான பார், லோடில் ஆயிரம் பாரைத் தாண்டும். ஊசி நுனி அளவு பீச்சினால்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளி தெரியும், உள்ளே சதை அழுகும். உங்கள் வண்டியில் யாராவது ஸ்பேனரை அந்த நட்டில் வைத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

சரியான சோதனை ரிட்டர்ன் அளவு, அதாவது இன்ஜெக்டரிலிருந்து எரியாமல் திரும்பி வரும் டீசலின் அளவு. நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றி, நாலு ஒரே அளவு பாட்டில்களில் விட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓட விடுவார்கள். நாலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு நிரம்பியிருந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஐடிலில் நடுக்கம், ஏற்றத்தில் திடீரென்று இழுவை செத்துப்போவது எல்லாவற்றுக்கும் காரணம் அதே ஒன்றாக இருக்கக்கூடும். கழற்றின இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டும்போது அடியில் உள்ள செம்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும். பழைய வாஷரையே போட்டால் கம்ப்ரஷன் கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்புக் கட்டி சேரும்; அடுத்த முறை கழற்றும்போது இன்ஜெக்டர் வராது.

இன்ஜெக்டரைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊர் இது. டேங்கைக் கால்வாசிக்குக் கீழே வைத்து ராத்திரி நிறுத்தினால், காலியான இடத்தில் ஈரம் வியர்த்து டீசலுக்குள் இறங்கும். சாயங்காலமே டேங்க் நிரப்பும் பழக்கம் நல்லது. டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகை மாதம் ஒரு முறை, அடைமழைக் காலத்தில் வாரம் ஒரு முறை திறந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். சுத்த டீசல் வந்ததும் மூடி, கைப்பம்பை அது கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டேஷ்போர்டில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று ஓட்ட வேண்டாம்.

இஜிஆர் வால்வும் இன்டேக் மேனிஃபோல்டும் கரியால் அடைத்துக்கொள்வது இந்தக் கிலோமீட்டரில் சகஜம். கழற்றிச் சுத்தம் செய்து புது கேஸ்கட் போட்டால் இழுவை கையில் தெரியும் அளவுக்குத் திரும்பும். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம் இருக்க, சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு நிரந்தரமாக எரிந்து, உண்மையான கோளாறு வரும்போது அதைக் கவனிக்கவே முடியாமல் போகும்.

தண்ணீர் விஷயத்தில் இன்னொன்று. கடலோரத்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி, அவ்வளவுதான். சூடு ஏறுகிறது என்று போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற வைத்தியமும் இங்கே பிரபலம். அதைச் செய்தால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சூட்டின் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் முன்பக்கத்தில் அப்பியிருக்கும் மண், அல்லது விஸ்கஸ் ஃபேன். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி ஆஃப் செய்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். சூட்டில் அது கையை எதிர்த்து நிற்க வேண்டும். காற்றாடி மாதிரி சரசரவென்று சுற்றினால் ஃபேன் கிளட்ச் போய்விட்டது.

கிளட்ச், கியர், கிரவுன்

கிளட்ச் சோதனை சுலபம். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, மெதுவாகக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் சட்டென்று ஆஃப் ஆக வேண்டும். உறுமிக்கொண்டே நின்றால் பிளேட் முடிந்தது. கியர்பாக்ஸ் இறக்குகிற கூலிதான் பெரிது, அதனால் இறக்கும்போதே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீலுக்குள் இருக்கும் சின்ன பைலட் பேரிங், எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஃப்ளைவீல் முகத்தில் நீலத்திட்டு இருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டும். சீவாமல் புது பிளேட் போட்டால் கிளட்ச் விடும்போது வண்டி நடுங்கும்.

கியர்பாக்ஸ் ஆயிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 வித்தியாசத்தைக் கவனியுங்கள். கிரவுனுக்கு (பின் ஆக்ஸில் நடுவில் உள்ள பல்சக்கரத் தொகுதிக்கு) வாங்கின டின்னில் மிஞ்சியதைக் கியர்பாக்ஸிலும் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. சில ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அரிக்கும். மேனுவலில் எழுதியிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். கிரவுனிலிருந்து ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன், பினியன் பல் ஒத்துப்போகாத தேய்மானம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே இரைச்சல் என்றால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கிளட்ச் விடும் கணத்தில் அடியில் 'டக்' என்று ஒரு அடி விழுந்தால் யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ். கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் சேரும் இடங்களில் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பல் மாறி மாட்டினாலும் அதிர்வு வரும், அதைத் தேடி வீல் பேலன்ஸ் வரைக்கும் காசு போகும்.

எக்ஸ்ட்ரா பட்டை என்னும் தப்பு

பழைய பிக்கப் வாங்கினவர் முதலில் செய்யும் மாற்றம் பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை ஏற்றுவது. செங்கல், எம்-சாண்ட் அடிக்கிற வண்டிகளில் இது இல்லாததே கிடையாது. பட்டை ஏற்றினால் வண்டி தாங்கும் சக்தி கூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். கூடியது ஸ்பிரிங் மட்டும். ஆக்ஸில், வீல் பேரிங், சேஸிஸ், டயர், பிரேக் எல்லாம் பழைய கணக்கிலேயே நிற்கின்றன.

இதைவிட மோசமான விஷயம் கண்ணுக்குத் தெரியாதது. பல பிக்கப்புகளில் பின்பக்கம் எல்எஸ்பிவி என்று ஒரு வால்வு இருக்கும். சேஸிஸில் உட்கார்ந்து, ஒரு கம்பி வழியாகப் பின் ஆக்ஸிலோடு இணைந்திருக்கும். லோடு ஏறி சேஸிஸ் தாழ்ந்தால், அந்தக் கம்பி அசைந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டியில் சேஸிஸ் உயர்ந்திருப்பதால் அழுத்தத்தைக் குறைக்கும். எக்ஸ்ட்ரா பட்டை போட்டதும் முழு லோடிலும் சேஸிஸ் தாழாது. வால்வு அதைக் காலி வண்டி என்றே எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். வேலை முழுவதும் முன் டிஸ்க்குக்குப் போகும். லோடோடு கோதையாறு இறக்கத்தில் இறங்கும்போது டிஸ்க் பழுத்து, பேட் வாடை அடித்து, மிதி ஆழமாக இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வண்டி எடுத்தால் அந்தக் கம்பி இருக்கிறதா, மூட்டு அசைகிறதா, துருவில் உறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பியைக் கழற்றி ஒயரால் கட்டி வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு.

பட்டை தளர்ந்திருந்தால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். அதே எண்ணிக்கையில் புது செட் போட்டு, புஷ், ஷேக்கிள் பின், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதிதாக மாற்றுங்கள். பழைய யூ போல்ட் ஏற்கெனவே நீண்டிருக்கும், முறுக்கு நிற்காது. புதிது போட்ட பிறகும் 500 கிலோமீட்டரில் ஒரு முறை திரும்ப முறுக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் பின்னால் நகர்கிற வண்டிகளில் நடந்தது இதுதான்.

முன்பக்கம் பட்டை உள்ள மாடல் என்றால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் வந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காமல் இருந்தால் கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு). காயில் ஸ்பிரிங் மாடலில் அதே சோதனையில் மிஞ்சுவது பால் ஜாயின்ட். கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது எடை சக்கரத்தில் இருக்கக் கூடாது, தூக்கி வைத்து அடித்தால்தான் கிரீஸ் அடிவரை போகும்.

பிரேக் மிதி கல்லாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் வாக்குவம் பம்ப்பைப் பாருங்கள். ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் வாக்குவம் பம்ப் சேர்ந்து வரும் வண்டிகளில், அதன் சீல் கசிந்தால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் போய் பிரேக்கும் சார்ஜும் ஒன்றாகப் படுக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றிவிடுங்கள். பின் ஹப்பில் ஆயில் சீல் கசிந்து லைனிங் நனைந்திருந்தால், பெட்ரோலில் கழுவிப் போடுவது வேலைக்காகாது. லைனிங் மாற்றத்தான் வேண்டும்.

போடலாம், போட வேண்டாம்

கொடுத்த காசுக்கு முழுப் பலன் தரும் மாற்றம் ஹெட்லைட் ரிலே கிட். பழைய வண்டியில் மின்சாரம் பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வரை போய், துருப்பிடித்த இணைப்புகள் வழியாகத் திரும்பி வருவதற்குள் வோல்டேஜ் விழுந்துவிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஹைக்கும் லோவுக்கும் தனித்தனி ரிலே போட்டால், அதே 60/55 வாட் எச்4 பல்பு புதுசு மாதிரி எரியும். எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும் எல்இடி பாருக்குத் தேவையே இருக்காது. அதே நாளில் பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டைகளை மாற்றுங்கள். கடலோர வண்டிகளில் பாதி எலக்ட்ரிக் கோளாறு அந்த இரண்டு பட்டைகளில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

அகல மட்ஃப்ளாப், நல்ல டிரைவர் சீட், தார்ப்பாய் கட்ட இருபக்கமும் கூடுதல் கொக்கிகள், இவையெல்லாம் போடலாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றில் தார்ப்பாய் தளர்ந்து புடைத்தால் உயரமாக லோடு ஏற்றிய வண்டியை அது பக்கவாட்டில் இழுக்கும். கயிறு குறுக்கே எக்ஸ் போல் போக இடம் வேண்டும்.

எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதும் இசியு ட்யூனிங் வேண்டாம். கூடுகிற இழுவையை முதலில் வாங்கிக்கொள்வது 2 லட்சம் கிலோமீட்டர் தேய்ந்த கிளட்சும் இன்ஜெக்டரும். பெரிய சைஸ் டயரும் வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் வண்டி அதிக தூரம் போவதால் எல்லாக் கியரும் ஒரு படி கனமாகி, ஏற்றத்தில் முன்பு இரண்டாவதில் போன இடத்தில் முதல் கியர் கேட்கும். ஏற்கெனவே இருக்கும் டயரில் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரில் முழு லோடு ஏற்றக் கூடாது.

காகிதம்

டிஎன்-74, டிஎன்-75 என்று நம் மாவட்டப் பதிவு வண்டி என்றால் வேலை சுலபம். பரிவாகன் தளத்தில் எஃப்சி, இன்சூரன்ஸ், அபராதம், கடன் குறிப்பு எல்லாம் பார்த்துவிடலாம். எட்டு வருடம் வரை எஃப்சி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும். அதனால் ஏழரை வருட வண்டியையும் எட்டரை வருட வண்டியையும் ஒரே விலைக்கு ஒப்பிடக் கூடாது. கடன் முடிந்த வண்டி என்று சொன்னால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) ஃபார்ம் 35-ம் கையில் இருக்க வேண்டும். ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல் பெயர் மாற்றம் நடந்து முடிந்ததா என்று பாருங்கள். லோடு பாடியை நீட்டியோ உயர்த்தியோ இருந்தால் அது ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும்.

களியக்காவிளை தாண்டி வரும் கேரளப் பதிவு வண்டிகள் விலையில் கவர்ச்சியாக இருக்கும். அவற்றுக்கு அங்கிருந்து ஃபார்ம் 28-ல் என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் போட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓடும் வண்டிக்கு இந்த மறுபதிவு கட்டாயம். அங்கே வரி பாக்கியோ அபராதமோ கிடந்தால் என்ஓசி நகராது. விற்கிறவர் "என்ஓசி அடுத்த வாரம் வந்துடும்" என்றால், அது கைக்கு வரும் வரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.